சாப்பிடுவதற்கு ஐந்து சொல்

இந்தோனேசியாவின் பாலித் தீவில் பேசும் பாலி மொழியைக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் கிடைப்பது ஒரு சொற்பட்டியல்தான். இடப்பக்கம் பாலிச் சொல், வலப்பக்கம் ஆங்கிலப் பொருள். தமிழில் அப்படி ஒன்று என் கண்ணில் படவில்லை. அதனால் நாமும் ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டுதான் அந்தத் தீவின் மொழிக்குள் போகவேண்டியிருக்கிறது. அந்தப் பட்டியல்களிலிருந்து நான் நிறையக் கற்றிருக்கிறேன். ஆனால் அவற்றை மட்டும் நம்பி ஒரு பாலிக்காரரிடம் வாயைத் திறந்தால் சிக்கல் வரும். ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதைப் பட்டியல் சொல்லிவிடுகிறது. அதை யார், யாரிடம் சொல்லலாம் என்பதைச் சொல்வதில்லை. பாலி மொழியில் பாதி விஷயம் அங்கேதான் இருக்கிறது.

‘ஈட்’ என்ற ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். அதற்கு நேரே ஐந்து சொற்கள் வரும்: ஙாமா, மடாஅர், ஙாஜெங், ஙராயுனாங், நூனாஸ். ஐந்தும் சாப்பிடுவதுதான், தப்பில்லை. ஆனால் நாயும் பன்றியும் தின்றால் ஙாமா. கோபத்தில் ஒரு மனிதரைப் பார்த்து அதைச் சொன்னால் அடிதடியில் போய் முடியும். வீட்டுக்குள், கூட்டாளிகளுக்குள், பிள்ளைகளிடம் மடாஅர். விருந்தாளி, பெரியவர், முன்பின் தெரியாதவர் என்றால் ஙாஜெங். பிராமணப் பூசகரோ அரச குடும்பத்தாரோ உண்டால் ஙராயுனாங்.

ஐந்தாவது சொல்லான நூனாஸ்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அது நான் சாப்பிடுவதை நானே பணிவாகச் சொல்லும் சொல். அதன் அடிப்பொருள் வேண்டிப் பெற்றுக்கொள்வது. கோயிலில் தீர்த்தம் வாங்கும்போதும் ‘நூனாஸ் தீர்த்தா’ என்றுதான் சொல்வார்கள். பாலியில் உபுட் என்ற ஊருக்குத் தெற்கே நான் தங்கியிருந்த வீட்டில் ஒரு தாடோங் இருந்தார். தாடோங் என்றால் பாட்டி. காய்கறியும் தேங்காயும் இறைச்சியும் பொடியாக நறுக்கி மசாலா சேர்த்துப் பிசைந்த லாவாரை ஒரு நாள் என் தட்டில் வைத்து, ‘துருஸ் ஙாஜெங்’ என்றார். சாப்பிடுங்கள் என்று அர்த்தம். நான் ‘இங்கிஹ், தியாங் நூனாஸ்’ என்றேன். சரி, பெற்றுக்கொள்கிறேன் என்பதுபோல. அதுவரை என்னோடு இந்தோனேசிய மொழியில் பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று பாலிக்குத் தாவி, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, என்னால் பாதிகூடப் பின்தொடர முடியாத வேகத்தில் பேச ஆரம்பித்துவிட்டார். விருந்தாளி தட்டில் விழுந்த சோற்றையும் கோயிலில் கையில் விழும் தீர்த்தத்தையும் ஒரே வினையால் பெற்றுக்கொள்ளும் மொழி அது.

தமிழில் இது நமக்குப் புரியாத சங்கதி இல்லை. ‘கொட்டிக்கிட்டியா’ என்பதற்கும் ‘சாப்பிட்டீங்களா’ என்பதற்கும் பெருமாள் ‘அமுது செய்தருளினார்’ என்பதற்கும் உள்ள தூரம் நமக்குத் தெரியும். ஒருவன் செத்தான், ஒருவர் காலமானார், இன்னொருவர் இறைவனடி சேர்ந்தார். ஆனால் நமக்கு இவை அங்கங்கே தலைகாட்டுகிறவை. அன்றாடப் பேச்சில் ‘ங்க’ என்று விகுதியை மாற்றினாலே மரியாதை வந்துவிடும். பாலியில் விகுதி போதாது, சொல்லே மாறும். அதுவும் வாக்கியத்துக்கு வாக்கியம். தூங்குவது சாதாரணமாகப் பூலெஸ். நான் தூங்குவதைப் பணிவாகச் சொன்னால் சீரெப். மரியாதைக்குரியவர் தூங்கினால் மகோலெம். வீடு சாதாரணமாக ஊமா. பிராமணர் வீடு கிரியா. அரசர் வீடு பூரி. தண்ணீர் யேஹ், உயர்வழக்கில் தோயா, கோயிலில் தீர்த்தா. உடம்புக்கும் இதே கதிதான். சாதாரணப் பேச்சில் கை என்றால் லீமா, ஐந்து என்ற எண்ணுக்கும் அதே சொல், உயர்வழக்கில் தாங்கான். கால் என்றால் பாதிஸ், உயர்வழக்கில் சோகோர்.

சோகோரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். உபுட் அரச குடும்பத்தாரின் பட்டம் சோகோர்தா. சோகோர் ஈ தேவா என்பதன் சுருக்கம், தேவரின் பாதம் என்று பொருள். ஆங்கிலத்தில் வாசிக்கிறவருக்கு ஒரு மனிதரைப் பாதம் என்று அழைப்பது விசித்திரமாக இருக்கும். இளங்கோவடிகளையும் மறைமலையடிகளையும் வைத்திருக்கிற நமக்கு அதில் விளக்க ஒன்றுமில்லை.

எந்தச் சொல்லை எடுப்பது என்று தெரிய, எதிரில் இருப்பவர் யார் என்று தெரியவேண்டும். அதனால் முன்பின் அறியாத இரண்டு பாலிக்காரர்கள் பழைய முறைப்படி சந்தித்தால், உங்கள் லிங்கிஹ் எது என்று மெதுவாகக் கேட்டுக்கொள்வார்கள். லிங்கிஹ் என்றால் இருக்கை. நீங்கள் எங்கே அமர்கிறீர்கள், அதாவது எந்தக் குலம், என்ன பட்டம் என்று கேட்பது. பிராமணர், சத்திரியர், வைசியர் ஆகிய மூன்றும் சேர்ந்து திரிவங்சா. மற்ற எல்லோரும், அதாவது மக்களில் மிகப் பெரும்பாலோர், ஜாபா. ஜாபா என்றால் வெளியே. அரண்மனைக்கு வெளியே இருப்பவர்கள். உள்ளே என்பதற்கு ஜெரோ. யாரென்றே தெரியாத ஒருவரைக் கூப்பிடவேண்டியிருந்தால் ஜெரோ என்று கூப்பிடுவதுதான் பாதுகாப்பான வழி. தெரியாதவரை ‘உள்ளிருப்பவர்’ என்று வைத்துக்கொள்கிற அந்தப் பழக்கம் நல்ல பழக்கம் என்றே நினைக்கிறேன்.

இந்தப் படிநிலை ஆதிகாலம் தொட்டு வந்ததில்லை. 14ஆம் நூற்றாண்டில் ஜாவாவின் மஜபாஹித் பேரரசு பாலியைப் பிடித்தபின், பாலியிலிருந்த கெல்கெல் அரசவையைச் சுற்றி வளர்ந்தது அது. ஜாவா மொழிச் சொற்கள் மேல்தட்டுச் சொற்களாக வந்து உட்கார்ந்தன. மலைப்பக்கத்துப் பழங்குடியினரான பாலி ஆகா மக்களின் ஊர்களில், செம்பிரான் போன்ற இடங்களில், இந்த ஏற்ற இறக்கம் அவ்வளவாக இல்லை. எல்லோருக்கும் இது இனித்ததும் இல்லை. 1925-இல் வடபாலியின் சிங்கராஜாவில் படித்த ஜாபா இளைஞர்கள் சூரிய காந்தா என்ற இதழைத் தொடங்கினார்கள். மனிதருக்கு மதிப்பு பிறப்பால் இல்லை, படிப்பாலும் நடத்தையாலும்தான் என்று எழுதினார்கள். திரிவங்சா தரப்பில் பாலி அத்ன்யானா என்ற இதழ் எதிர்வாதம் செய்தது. இரண்டு இதழ்களுமே பாலியில் எழுதவில்லை, மலாய் மொழியில் எழுதின. மலாயில் எழுதினால் யாரையும் மேலே ஏற்றவேண்டாம், கீழே இறக்கவேண்டாம்.

அதே காரணம்தான் இன்றைக்கும். பாலியின் தலைநகரான தென்பசாரில் பாலி இளைஞர்கள் தங்களுக்குள் இந்தோனேசிய மொழியில் பேசிக்கொள்வதைக் கேட்கலாம். மொழிமேல் வெறுப்பு இல்லை. எதிரில் இருப்பவருக்கு எந்தப் படிச் சொல் என்று தெரியாத தயக்கம். பெரியவர் முன்னால் ஒரு சொல் பிசகினால் அவமரியாதை ஆகிவிடுமே என்ற பயம். இந்தோனேசிய மொழியில் ‘சாயா’ என்று சொல்லிவிட்டால் நான் நான்தான், அதற்குமேல் கேள்வி இல்லை. ஒரு மொழி தன் மரியாதையின் பாரத்தாலேயே பேசுகிறவர்களை இழக்கிறது என்றால் அது எனக்கு மிகவும் வருத்தமான விஷயம். பட்டியல்களைப் பற்றி இவ்வளவு பேசுவதும் அதனால்தான். படிநிலையைச் சொல்லாத பட்டியலிலிருந்து கற்கிறவருக்கு இந்தப் பயம் தீர வழியே இல்லை.

அடுத்தது திசை. காஜா என்றால் வடக்கு, கெலோட் என்றால் தெற்கு, காங்கின் கிழக்கு, காவுஹ் மேற்கு என்று பட்டியல்கள் சொல்லும். கடைசி இரண்டும் சரி. காஜா வடக்கு இல்லை; மலையை நோக்கி. கெலோட் கடலை நோக்கி. 3,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற அகுங் எரிமலையும் அதையொட்டிய மலைத்தொடரும் தீவின் நடுவே போகின்றன. தெற்கே தென்பசாரில் நின்றால் மலை வடக்கே, ஆகவே அங்கே காஜா வடக்குதான். வடகரையில் சிங்கராஜாவில் நின்றால் மலை தெற்கே. அங்கே காஜா என்பது தெற்கு. பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு சிங்கராஜாவில் வழி கேட்டால் நேராகக் கடற்கரையில் போய் நிற்கவேண்டியதுதான்.

வழி சொல்ல மட்டும் என்றில்லை. இடது வலது என்று நாம் சொல்லும் இடத்தில் எல்லாம் அவர்களுக்குக் காஜாவும் கெலோடும் வரும். தட்டைக் கொஞ்சம் காங்கின் பக்கம் நகர்த்து என்பார்கள். வீட்டு வளவில் குலக்கோயில் காஜாவும் காங்கினும் சேரும் மூலையில், அதுதான் உயர்ந்த மூலை. சமையலறை கெலோட் பக்கம். தலைமாடு காஜாவிலோ காங்கினிலோ இருக்கவேண்டும். தென்பாலியில் அது வடக்கே தலைவைத்துப் படுப்பதாக ஆகிவிடும். நம் வீட்டுப் பாட்டிகள் பார்த்தால் எழுப்பி உட்கார வைத்துவிடுவார்கள். அவர்களுக்கோ மலைக்குக் காலை நீட்டுவதுதான் பெரிய தப்பு.

1930களில் பாலியில் வாழ்ந்து அந்த ஊர் இசையை ஆராய்ந்தவர் கனடாக்காரரான காலின் மெக்ஃபீ. சம்பிஹ் என்ற சிறுவனிடம் நடனத் திறமையைக் கண்டு, வேறொரு ஊரில் ஓர் ஆசிரியரிடம் கொண்டுபோய் விட்டார். சில நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் பையன் சோர்ந்து உட்கார்ந்திருக்கிறான், ஆசிரியர் அலுத்துப் போயிருக்கிறார். ஒன்றையும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்கிறார். மலைப்பக்கம் மூன்று எட்டு வை, கிழக்கே வளை என்று அவர் சொல்கிறார். புது ஊரில் பையனுக்கு மலை எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை. முன்னே வா, பின்னே போ என்று சொல்லிப் பார்க்கலாமே என்று நமக்குத் தோன்றும். அந்த ஆசிரியருக்கு அது தோன்றவில்லை. நடனம் என்பதே மலையும் கடலும் இருக்கிற ஒரு தரையில் நடப்பது.

எண்களை ஒரு ஓரமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அழகாக இருக்கின்றன. பாலியில் சில எண்களுக்குத் தனிப்பெயர் உண்டு. 25 செலாஎ, 35 பசாசுர், 45 செதிமான், 50 செகெத், 75 தெலுங் பெனாங், 175 லெபாக், 200 சதாக், 400 சமாஸ். நடுவில் துளையுள்ள செப்புக்காசுகளைக் கயிற்றில் 200, 200 ஆகக் கோத்து எண்ணிய சந்தைக் கணக்கின் வாசனை இதில் இருக்கிறது.

சமஸ்கிருதச் சொற்கள் விஷயத்தில் தமிழருக்கென்று ஒரு தனி ஆபத்து உண்டு. பட்டியலில் பழகிய முகங்கள் நிறைய வரும். தேசா என்றால் நாடு இல்லை, கிராமம். புரா என்றால் ஊர் இல்லை, கோயில். உபச்சாரா என்பது விருந்தோம்பல் இல்லை, சடங்கு. சூக்ஸ்மா என்றால் நன்றி. நம் சூட்சுமம்தான் அது. தூக்கா என்று பார்த்ததும் துக்கம் என்று கடந்துவிடக்கூடாது. உயர்வழக்கில் அது கோபம். பூசகர் தூக்காவாக இருக்கிறார் என்று யாராவது சொன்னால் ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், ஒதுங்கிப் போங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆங்கிலம் தடுமாறும் இடத்தில் தமிழ் நேராகப் போய் உட்கார்ந்துவிடுகிற சொற்கள் இருக்கின்றன. லெக் என்ற சொல்லுக்கு வெட்கம், குற்ற உணர்வு என்றெல்லாம் ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தார்கள். மானுடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ் அதெல்லாம் சரியில்லை என்று, மேடை பயம் என்று மொழிபெயர்த்தார். நாலு பேர் முன்னால் நம் நடத்தை பிசகிவிடுமோ என்று உடம்புக்குள் ஏற்படும் அந்தக் கூசுதல். தமிழில் கூச்சம் என்றால் முடிந்தது. இன்னொன்று ஜெங்கா. பட்டியலில் சங்கடம், வெட்கம் என்று இருக்கும். ஆனால் பக்கத்து ஊர் கமெலான் இசைக்குழு நம் குழுவைவிட நன்றாக வாசித்துவிட்டது என்றதும், ராவெல்லாம் உட்கார்ந்து பயிற்சி செய்து அடுத்த முறை ஜெயிக்க வைப்பதுதான் ஜெங்கா. அது ரோஷம். ஆங்கிலத்தில் ஒரு பத்தி தேவைப்படுகிற இடத்தில் நமக்கு ஒரு சொல் தயாராக இருக்கிறது.

லுங்சுரான் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது. பட்டியலில் அதற்கு ‘மிச்சம்’ என்ற அளவிலேயே பொருள் இருந்தது. பெண்கள் குருத்தோலையைச் சீவி, மூங்கில் ஈர்க்கால் தைத்துச் சின்னத் தட்டு செய்கிறார்கள். அதில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்ந்த ஒரு மடிப்பு, அதன்மேல் பூக்கள். கிழக்கே வெள்ளை, தெற்கே சிவப்பு, மேற்கே மஞ்சள் என்று ஒவ்வொரு திசைக்கும் ஒரு நிறம். இதுதான் தினமும் வைக்கிற சானாங் சாரி. விசேஷ நாட்களில் பழமும் பலகாரமும் கோழியும் அடுக்கிய பெரிய படையல்களைத் தலையில் சுமந்து கோயிலுக்குப் போகிறார்கள். தெய்வம் அதன் சாரியை, அதாவது சாரத்தை, எடுத்துக்கொள்கிறது. பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து குடும்பமே பகிர்ந்து சாப்பிடுவது லுங்சுரான். அப்போது வரும் வினையும் நூனாஸ்தான். பிரசாதம் என்று ஒரு தமிழரிடம் சொன்னால் போதும். மிச்சம் என்று சொன்னால் அந்தப் பெண்களின் அத்தனை நேர வேலையும் தெய்வமும் சேர்ந்து காணாமல் போகின்றன.

எந்த மொழியிலும் அடங்காதவையும் உண்டு. பூபுத் என்றால் முடிவது, நிறைவடைவது. ஒரு பெரிய சடங்கைப் பூசகர் நிறைவு செய்து வைப்பதற்கும் அதே வேர்தான், மூபுத் என்பார்கள். இதிலிருந்து வந்தது பூபுதான். 1906 செப்டம்பர் 20 அன்று டச்சுப் படை தென்பசார் அரண்மனையை நெருங்கியபோது அரசரும் அரசிகளும் பிள்ளைகளும் பூசகர்களும் பணியாளர்களும் வெள்ளை உடுத்தி, நகைகள் பூண்டு, குறுவாளோடு வெளியே வந்து துப்பாக்கிகளை நோக்கி நடந்தார்கள். சுடப்பட்டு விழுந்தவர்கள் போக, மற்றவர்கள் தங்களைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். 1908-இல் பாலியின் இன்னொரு அரசான குளுங்குங்கிலும் அதுவே நடந்தது. ஆங்கிலப் பட்டியல்கள் கூட்டுத் தற்கொலை என்றோ இறுதிவரை போர் என்றோ எழுதுகின்றன. இரண்டும் பாதிப் பாதிதான். சடங்கை நிறைவேற்றும் அதே சொல்லால் அவர்கள் அதைக் குறித்தார்கள் என்பது இரண்டிலும் வராது. தென்பசார் நடுவே பூபுதான் திடல் என்று அதே பெயரில் ஒரு மைதானம் இருக்கிறது. சாயங்காலத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள்.

பட்டியல் போட்டவர்களில் என் பெருமதிப்புக்குரியவர் ஹெர்மன் நியூப்ரானர் வான் டெர் டூக். 1824-இல் மலாக்காவில் பிறந்தவர். பைபிளை மொழிபெயர்க்க ஒரு டச்சுச் சங்கம் அவரை 1870-இல் பாலிக்கு அனுப்பியது. அவர் மொழிபெயர்ப்பை விட்டுவிட்டு அகராதியில் மூழ்கிப் போனார். சிங்கராஜாவுக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூங்கில் வீட்டில் ஊர்க்காரர்களோடு ஊர்க்காரராக வாழ்ந்து, ஓலைச்சுவடிகளையும் பேச்சையும் சேர்த்துச் சேர்த்து எழுதினார். 1894-இல் இறந்தார். காவி எனும் பழைய ஜாவா மொழி, பாலி, டச்சு என்று மூன்று மொழிகளில் அவர் செய்த அகராதி 1897-க்கும் 1912-க்கும் இடையில் நான்கு பெரிய தொகுதிகளாக வந்தது. சொல்லுக்கு ஒரு பொருளைக் கொடுத்துவிட்டு நகராமல், அந்தச் சொல் வரும் சுவடி வரிகளையே எடுத்து வைக்கிறார். யார் யாரிடம் சொன்னது என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது. அவர் பார்த்ததுபோன்ற ஓலைகளை இன்றைக்கும் சிங்கராஜாவில் 1928-இல் தொடங்கிய கெடோங் கீர்த்யா நூலகத்தில் பார்க்கலாம். நம் பனையோலைதான், கத்தியால் கீறிக் கரி தடவியது. எழுத்தும் பல்லவ எழுத்திலிருந்து காவி எழுத்து வழியாக வந்தது. வளைவுகளைப் பார்த்தால் தமிழ்க் கண்ணுக்கு ஏதோ ஞாபகம் வரும், ஆனால் படிக்க வராது.

2018-இல் பாலி ஆளுநர் ஓர் ஆணை போட்டார். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பாலி மொழியில் பேசவேண்டும். பெயர்ப்பலகைகளில் பாலி எழுத்து லத்தீன் எழுத்துக்கு மேலே வரவேண்டும். பலகைகள் மாறிவிட்டன, விமான நிலையத்திலேயே பார்க்கலாம். பேச்சுக்கு ஆணை மட்டும் போதாது. அதைவிட எனக்கு நம்பிக்கை தருவது, பாசாபாலி என்ற அமைப்பு நடத்தும் இணைய அகராதி. பாலி, இந்தோனேசியம், ஆங்கிலம் மூன்றிலும் பொருள் இருக்கிறது. சொல் சாதாரண வழக்கா, உயர்வழக்கா என்று குறிப்பு இருக்கிறது, பேச்சு வாக்கியங்களும் இருக்கின்றன. பொதுமக்களே சேர்க்கிறார்கள்.

நானும் இப்போது பாலி–தமிழ்ப் பட்டியல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருளுக்குப் பக்கத்தில் ‘யார், யாருக்கு’ என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறேன். போகிறவர்களுக்கு உடனே உதவட்டும் என்று முதல் சில சொற்களை இங்கேயே தருகிறேன். தெரியாதவரைக் கூப்பிட ஜெரோ. உங்களைவிடச் சற்று மூத்த ஆண் என்றால் பிலி, பெண் என்றால் ம்போக். உங்களைச் சொல்ல தியாங். பூசகரிடமோ அரச குடும்பத்தாரிடமோ பேசினால் தித்தியாங். ஆமாம் என்பதற்கு யாரிடமும் இங்கிஹ் சொல்லலாம். நாஹ் என்பது கூட்டாளிகளோடு மட்டும். மன்னிப்புக்கு அம்புரா. சாப்பிடச் சொன்னால் நூனாஸ். ஙராயுனாங்கை உங்களுக்கு நீங்களே எந்தக் காலத்திலும் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஙாமாவை நாயிடம்கூட மெதுவாகச் சொல்லுங்கள், பக்கத்தில் யாராவது நிற்கலாம்.